முன்பே உள்ள நோயும் மருத்துவக் காப்பீடும்: பெருமுக்கல் – மரக்காணம் வட்டாரம்

பாலிசி தொடங்கும் நாளுக்கு முன்பே ஒருவருக்கு இருந்த நோயைக் காப்பீட்டுத் துறை ‘முன்பே உள்ள நோய்’ என்று வகைப்படுத்துகிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் கொண்டுவந்த விதிகளின்படி, பாலிசிக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோயும், அந்தக் காலத்தில் சிகிச்சை பெற்ற நோயும் இதில் சேரும். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவை இவற்றில் பரவலானவை. தனியார் காப்பீட்டில் இந்த நோய்கள் தடையாக நிற்கும். அரசுக் காப்பீட்டில் அந்தத் தடை இல்லை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டும் குடும்பம், சிகிச்சை தேவைப்படும் நேரத்தில் கைவிடப்படலாம்.

பெருமுக்கல், விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், பழைய கோட்டை அமைந்த குன்றை ஒட்டிய ஊர். அங்கிருந்து கிழக்கே போனால் கழுவெளி ஏரியும் மரக்காணத்து உப்பளங்களும் வரும். உப்பளத் தொழிலுக்கும் இந்தக் கட்டுரையின் பொருளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. நிழலில்லாத பாத்தியில் வெயில் முழுவதும் உடலில் இறங்க, ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இப்படி வேலையிலேயே சேர்ந்த நோயைக் காப்பீட்டுப் படிவம் தொழிலாளியின் ‘பழைய நோய்’ என்று குறித்துக்கொள்கிறது. இது நியாயமான கணக்கு அல்ல.

அரசுக் காப்பீடு

தமிழ்நாட்டில் இதன் தொடக்கம் 2009 ஜூலையில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரி 11 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பிரீமியத்தைக் குடும்பம் கட்ட வேண்டியதில்லை. நோய் எப்போது வந்தது என்ற கேள்வி கிடையாது, காத்திருப்புக் காலமும் கிடையாது. டயாலிசிஸ், இதய அறுவைச் சிகிச்சை, சிறுநீரக மாற்று ஆகியவை திட்டப் பட்டியலில் உள்ளன. ஆகவே நோய் ஏற்கெனவே உள்ளவர் முதலில் வாங்க வேண்டியது இந்தத் திட்டத்தின் காப்பீட்டு அட்டையைத்தான்.

குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் வழியாகப் பெறும் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். பெருமுக்கல்காரருக்கு அது விழுப்புரம் வரை ஒரு நாள் பயணம், ஒரு நாள் கூலி. அவ்வப்போது நடக்கும் பதிவு முகாம்களைத் தவற விடாமல் இருந்தால் அந்தக் கூலி மிஞ்சும். குடும்ப அட்டையில் பெயர் இல்லாத மருமகளோ பேரப்பிள்ளையோ காப்பீட்டிலும் விடுபட்டுப் போவார்கள். அதனால் குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. சேரப்போகும் மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா, குறிப்பிட்ட சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். புதுச்சேரி எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால் அவசரத்தில் அங்கே ஓடும் இந்த வட்டார மக்களுக்கு இது மிகவும் முக்கியம்.

திட்டத்துக்கான வருமான வரம்பு முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய், இப்போது 1,20,000 ரூபாய். கணவனும் மனைவியும் ஆளுக்கு 400 ரூபாய் கூலியில் ஆண்டில் 150 நாள் வேலை செய்தாலே இந்த வரம்பைத் தொட்டுவிடுவார்கள். மழையில் உப்பளம் மூடிக் கிடக்கும் மாதங்களின் வெறுமை இந்தக் கணக்கில் தெரிவதில்லை. வரம்பை இன்னும் உயர்த்துவது அவசியம்.

காப்பீட்டு அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவும். அன்றாட மாத்திரைச் செலவுக்கு உதவுவது 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மருந்து வருகிறது.

தனியார் பாலிசி

வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்கும் கூடுதல் பாதுகாப்பு வேண்டுபவர்களுக்கும் தனியார் அல்லது பொதுத்துறை நிறுவனங்களின் பாலிசி உண்டு. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் நான்கு ஆண்டுகளாக இருந்தது. 2024 முதல் அது அதிகபட்சம் 36 மாதம். சில பாலிசிகளில் இதைவிடக் குறைவு, அதற்கேற்பப் பிரீமியம் கூடும். அதுவரை அந்த நோய் சார்ந்த செலவுக்குப் பணம் வராது, புதிதாக வரும் நோய்க்கும் விபத்துக்கும் வரும். நிறுவனம் விண்ணப்பத்தை மறுக்கவும் செய்யலாம். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளிட்ட சில நோய்களை, விண்ணப்பதாரரின் சம்மதத்தோடு, நிரந்தரமாகவே விலக்கி வைக்க ஆணையத்தின் 2019 வழிகாட்டுதல்கள் இடம் தந்தன. உப்பளத் தொழிலாளியை மிகக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய விதி இதுதான். கையெழுத்திடும் முன், விலக்கப்படும் நோய்களைச் சொல்லும் பக்கத்தை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நோயை மறைத்துப் பாலிசி எடுக்கும்படி சொல்பவர்கள் உண்டு. அது பெருங்கேடு. வீடு தேடி வந்த மாத்திரையும் சிகிச்சைதான், அதற்கும் பதிவு இருக்கிறது. சர்க்கரையையும் சிறுநீரகச் செயலிழப்பையும் சொல்லாமல் எடுத்த பாலிசியில் க்ளைம் நிராகரிக்கப்பட்டது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2021 டிசம்பரில், விண்ணப்பதாரர் தெரிவித்த நோயைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்த நிறுவனம் பின்னர் அதே நோயைக் காட்டிப் பணம் மறுக்க முடியாது என்றும் கூறியது. படிவத்தில் எழுதிய உண்மைதான் பின்னால் சாட்சியாக நிற்கும். ஏஜென்ட் நிரப்பினாலும் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இடைவிடாமல் 60 மாதம் புதுப்பிக்கப்பட்ட பாலிசியில், மோசடி நிரூபணமானால் தவிர, நோயைச் சொல்லவில்லை என்று க்ளைமை மறுக்க முடியாது. நிறுவனம் மாறினாலும் கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும், ஆனால் புதுப்பிக்கும் தேதி தவறினால் இந்தப் பலன்கள் கையைவிட்டுப் போகலாம்.

க்ளைம் நிராகரிக்கப்பட்டால் அதை எழுத்தில், காரணத்தோடு கேட்டு வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் வழக்கறிஞரும் தேவையில்லை. 50 இலட்சம் ரூபாய் வரையான பிணக்குகளை அவர் விசாரிக்கலாம்.