உப்பு வரியும் ஒரு ஓட்டும்

பழனி மலைக்கும் கடற்படைக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கலாம். மலையில தண்ணி மேல மிதக்கறதுன்னா, 1863ல் கலெக்டர் லெவிஞ்ச் உண்டாக்கின கொடைக்கானல் ஏரியில ஓடுற படகுதான். ஆனா சம்பந்தம் இருக்கு. உப்பு!

அன்னைக்கு உப்பு வரி டில்லி சர்க்காரோட வருமானம். பூம்பாறையில பூண்டு போட்ட விவசாயியும் அதைக் கட்டினார். அந்த டில்லி கஜானாவிலிருந்துதான், இந்தியக் கடலைக் காக்கறதுக்குன்னு பிரிட்டிஷ் கடற்படைக்கு வருஷா வருஷம் 1 லட்சம் பவுண்ட் போச்சு.

காவல் எப்படி இருந்துச்சு? 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் சென்னையில குண்டு போட்டுட்டுப் போனது நமக்குத் தெரியும். நம்ம கையில இருந்தது 'ராயல் இந்தியன் மரீன்'. போர் முடிஞ்சதும் அதுக்குத் துருப்புகளை ஏத்தி இறக்கறது, கடலை அளக்கறது மாதிரி வேலைகள்தான். பேருதான் ராயல் :-)

1925ல் ராலின்சன் கமிட்டி ஒரு திட்டம் போட்டுச்சு. 4 ஸ்லூப் (சின்னப் போர்க்கப்பல்), 2 ரோந்துக் கப்பல், 4 டிராலர், 2 சர்வே கப்பல், 1 டெப்போ கப்பல். அவ்ளோதான் கடற்படை! தலைமையிடம் பம்பாய். மேல ஒரு வெள்ளைக்கார அட்மிரல். அவருக்கும் மேல யாருன்னு நினைக்கறீங்க? இந்தியாவோட தலைமைத் தளபதி, அதாவது ஒரு தரைப்படை ஜெனரல். மாலுமிகள் பெரும்பாலும் ரத்னகிரிப் பக்கத்து கொங்கணி முஸ்லிம்கள். அதிகாரிகள் வெள்ளைக்காரங்க. முதல் இந்திய அதிகாரி டி.என். முகர்ஜி, இன்ஜினியர் பிரிவுல சேர்ந்ததே 1928ல்தான்.

1927ல் லண்டன் பார்லிமென்ட் இதுக்கு ஒரு சட்டம் போட்டுச்சு. அவசரம்னா இந்தியக் கப்பல்களை வைஸ்ராய் பிரிட்டிஷ் கடற்படை கையில கொடுத்துடலாம். வெளிநாட்டுல ஆகுற செலவை இந்தியா தலையில கட்டணும்னா அனுமதி வேணும். யாரோட அனுமதி? லண்டன் பார்லிமென்டோட அனுமதி! கப்பல் நம்ம காசு, முடிவு அவங்களோடது.

விடுவாங்களா நம்மாளுங்க? 1928ல் கடற்படை ஒழுங்கு மசோதா டில்லி சட்டசபைக்கு வந்தப்ப தோக்கடிச்சுட்டாங்க. வித்தியாசம் ஒரே ஒரு ஓட்டு! கடற்படை வேணாம்னு இல்லை, கேள்வி கேக்க முடியாத கடற்படை வேணாம்னுதான்.

சர்க்கார் சும்மா இருக்கல. அதே வருஷம் நவம்பர்ல அந்த மரீனையே போர்ப்படையா மாத்தி வெள்ளைக் கொடி ஏத்திடுச்சு. 1930 தேர்தலை காங்கிரஸ் புறக்கணிச்சதால சபையில எதிர்ப்பு மெலிஞ்சு கிடந்தது. 1934ல் மசோதா சுலபமா பாஸ். அக்டோபர் 2ஆம் தேதி 'ராயல் இந்தியன் நேவி' பொறந்தது. (காந்தி பிறந்த நாள்ல! என்ன பொருத்தம் பாருங்க.)

அந்த 1 லட்சம் பவுண்ட் 1938ல் நின்னுச்சு. சும்மா இல்ல, 6 நவீனக் கப்பல்களை நாமே பராமரிக்கணும்னு நிபந்தனை. அடுத்த வருஷம் உலகப்போர் வெடிச்சப்ப கையில இருந்த கப்பல் 8. இத்தனை நீளக் கடற்கரைக்கு எட்டு!

போர்ல அவசர அவசரமா ஊதிப் பெருக்கின அதே படைதான் 1946 பிப்ரவரியில பம்பாய்ல கலகம் பண்ணுச்சு. கெட்ட சாப்பாடும் நிறவெறியும் உடனடிக் காரணங்கள். ஆனா 1928ல் சபை கேட்ட கேள்வியும் அதுக்குள்ள இருந்துச்சுன்னு நான் நினைக்கிறேன்: இது யாரோட கடற்படை?

உங்க ஊர்ப் பெரியவங்க யாராச்சும் அந்த நேவியில இருந்திருந்தா, கேட்ட கதையைச் சொல்லுங்க மக்கா.