கோடு வரைந்தால் பாட்டு

எங்கள் வயதுக்காரர்களுக்கு டாக்கி சினிமா தெரியும். ஃபிலிமின் ஓரத்தில் ஒரு கோடு ஓடும். வெளிச்சம் அதன் வழியே போட்டோசெல்லில் விழுந்து சத்தமாகும். இங்கிலாந்தின் டாஃப்னி ஓரம் அம்மையார் இதையே தலைகீழாக்கினார். ஃபிலிமில் தானே மையால் கோடு வரைந்து, இல்லாத ஒலியை உண்டாக்கினார். இந்தத் துணிச்சல்தான் எனக்குப் பிடித்தது.

1943-ல் பிபிசியில் சேர்ந்தவர். இரவில் ஆளில்லாத நேரத்தில் டேப் ரெக்கார்டர்களை வைத்துச் சோதிப்பாராம். 1958-ல் அங்கே ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப் தொடங்கப் பாடுபட்டார். மறு வருஷமே வேலையை உதறிவிட்டு, கென்ட் கிராமப்புறத்தில் தனியாக அந்த இயந்திரத்தோடு உட்கார்ந்துவிட்டார். பென்ஷன் பற்றி யோசித்தாரோ என்னவோ!

1949-ல் அவர் எழுதிய 'ஸ்டில் பாயின்ட்' இசையை பிபிசி ஏற்கவில்லை. 2018-ல் அதே பிபிசியின் ப்ராம்ஸ் விழாவில் அது ஒலித்தது. அம்மையார் 2003-லேயே காலமாகிவிட்டார்.