மூன்றாம் ஆண்டில் திறக்கும் கதவு

அமெரிக்காவில் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியில் படித்த மாணவர் நான்காண்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் நேரே சேர முடியும். ஏழைகள்மேல் இரக்கப்பட்டுத் திறந்த வழி இது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் இதன் தொடக்கத்தில் இருந்தது வேறொரு கணக்கு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைப் பள்ளிப் படிப்பின் நீட்சியாகவே பார்த்தார். ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்கு அது பாரம் என்பது அவர் கருத்து. அவர் கொடுத்த ஊக்கத்தில்தான் 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் உயர்நிலைப் பள்ளியில், ஆறே மாணவர்களுடன், நாட்டின் முதல் அரசு ஜூனியர் கல்லூரி (சமுதாயக் கல்லூரியின் அன்றைய பெயர்) பிறந்தது. ஸ்டான்ஃபோர்டின் தலைவர் டேவிட் ஸ்டார் ஜோர்டானும் முதல் இரண்டு ஆண்டுகளைப் பல்கலைக்கழகத்திலிருந்து கழற்றிவிட விரும்பியவர். 1907-இல் கலிபோர்னியா, உயர்நிலைப் பள்ளிகளே கல்லூரிப் பாடம் நடத்தலாம் என்று சட்டம் இயற்றியது. 1910-இல் ஃபிரெஸ்னோ அதைச் செய்துகாட்டியது. பல்கலைக்கழகம் தன் கூட்டத்தைக் குறைத்துக்கொள்ளத்தான் இந்த வழியை வரவேற்றது.

1960-இல் கலிபோர்னியா வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டத்திலும் இதே கணக்கைக் காணலாம். அதற்கு முன் கலிபோர்னியா பல்கலைக்கழகம் பள்ளி முடித்தவர்களில் முதல் 15 சதவீதத்தினரையும், மாநிலக் கல்லூரிகள் ஏறத்தாழ பாதிப் பேரையும் சேர்த்துக்கொண்டிருந்தன. திட்டம் இந்த அளவுகளை எட்டில் ஒரு பங்காகவும் மூன்றில் ஒரு பங்காகவும் சுருக்கியது. மற்றவர்களை ஜூனியர் கல்லூரிக்கு அனுப்பியது. பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய நன்மையும் இருந்தது. முதல் இரண்டு ஆண்டு மாணவர்களின் பங்கை 40 சதவீத அளவுக்குக் குறைத்து, மேல் ஆண்டுகளில் மாற்றலாகி வருபவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொன்னது திட்டம். முன்பு சேர்க்கும் கல்லூரியின் விருப்பத்தைப் பொறுத்திருந்த ஒன்று, இப்போது எண்ணிக்கையாக எழுதப்பட்டது. மாற்றல் முறையின் வரலாற்றில் என்னைப் பொறுத்தவரை இதுவே திருப்புமுனை.

இதை மறுப்பவர்கள் உண்டு. சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் சான் ஹோசேயின் ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்து, அதே 1960-இல் ஒரு கடுமையான முடிவை வெளியிட்டார். பட்டம் வேண்டி வந்தவர்களின் ஆசையை மெல்ல மெல்லத் தணித்து, தொழிற்பிரிவுகளுக்குத் திருப்பிவிடுவதே அந்தக் கல்லூரி சத்தமில்லாமல் செய்யும் வேலை என்றார். மறுக்க முடியாத கண்டறிதல் இது. சமுதாயக் கல்லூரியில் சேர்வோரில் பெரும்பாலோர் இன்றும் பட்டம் வரை போவதில்லை. ஆனால் எல்லாப் பழியும் தணிந்த ஆசைமேல் விழ முடியாது. 2017-இல் அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, கல்லூரி மாறிய மாணவர்கள் சம்பாதித்த கிரெடிட்டுகளில் (பாட அலகுகளில்) சராசரியாக 43 சதவீதம் புதிய இடத்தில் செல்லாமல் போயின. படித்துத் தேறிய பாடத்துக்கு மறுபடி கட்டணம் கட்டி மறுபடி உட்காரச் சொன்னால் யாருக்குத்தான் மனம் தளராது?

பாடத்தின் தரத்தை, மாணவரைச் சேர்க்கும் பல்கலைக்கழகமே முடிவு செய்ய வேண்டும், அது அதன் உரிமை என்பது இன்னொரு வாதம். தரம் பற்றிய அச்சத்தை அனுபவம் ஆதரிக்கவில்லை: கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாற்றலாகி வந்தவர்கள், முதலாண்டிலேயே சேர்ந்தவர்களை ஒட்டிய விகிதத்தில் பட்டம் பெறுகிறார்கள். மாநிலத்தின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இதை உணர்ந்து செய்யப்பட்டது. குறிப்பிட்ட 60 அலகுகளை முடித்து மாற்றலுக்கான இணைப்பட்டம் பெற்றவருக்கு, பழைய மாநிலக் கல்லூரிகளிலிருந்து உருவான மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. இன்னும் 60 அலகுகளில் பட்டம். முடித்த பாடத்தைத் திரும்பப் படிக்கச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கட்டாயம் பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அடங்கிய கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளை வெளியே தள்ளியதால் அதிகம் பயன்பெற்ற நிறுவனம் அது. அந்த இரண்டு ஆண்டுகளை வேறிடத்தில் முடித்து வருபவர்களுக்கு அதுவும் சட்டத்தால் கட்டுப்பட வேண்டும்.