சென்னையில் குழந்தையின்மைச் சிகிச்சையின் வரலாறு

குழந்தை வேண்டும் தம்பதியர் கருத்தடை ஏதுமின்றி ஓராண்டுக் காலம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காத நிலையைக் குழந்தையின்மை என மருத்துவம் வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இந்நிலையைச் சந்திக்கிறார். இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் கருத்தரிப்பு மையங்களின் பெயர்ப்பலகைகள் அன்றாடக் காட்சியாகிவிட்டன. சில பத்தாண்டுகளுக்கு முன் இவை எதுவும் இல்லை.

சிகிச்சைக்கு முந்தைய காலம்

பிள்ளை வரம் வேண்டி அரசமரத்தடி நாகரைச் சுற்றுவதும், கோயில் மரத்தில் சிறு தொட்டில் கட்டுவதும், திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையை வழிபடுவதும் தமிழகத்தில் நெடுங்கால வழக்கங்கள். "அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்" என்ற பழமொழி பொறுமையற்றவரைக் கேலி செய்யப் பயன்படுகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் ஏக்கத்தை அது கணக்கில் கொள்வதில்லை.

குறை யாரிடம் என்ற ஆராய்ச்சியின்றிப் பழி பெண்மீதே விழுந்தது. 'மலடி' என்ற சொல் பேச்சில் புழங்கிய அளவுக்கு 'மலடன்' என்ற சொல் புழங்கவில்லை என்பதே இதற்குச் சான்று. சென்னை மாகாணத்தில் 1949-இல் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் வரும்வரை, பிள்ளையில்லை என்ற காரணத்தைக் காட்டி ஆண் மறுமணம் செய்துகொள்ளச் சட்டத்தில் தடை இல்லை. உண்மையில் விந்தணுக் குறைபாடு போன்ற ஆண் சார்ந்த காரணங்களும் பரவலாக உள்ளன. எனவே இருவரையும் ஒருசேரப் பரிசோதிப்பதே சரியான முறையாகும்.

1978: இரு குழந்தைகள்

இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் 1978 சூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் பிறந்தார். உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்டுப் பிறந்த உலகின் முதல் குழந்தை அவரே. இதைச் சாதித்தவர்கள் இராபர்ட் எட்வர்ட்சு, பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவர். எட்வர்ட்சுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்ற இருவரும் அதற்கு முன்பே மறைந்துவிட்டனர்.

அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் 'துர்கா' என்ற குழந்தை பிறந்தது. மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் சினைப்பையை ஊசிமருந்தால் தூண்டி முட்டைகளை எடுத்தார். உருவான கருவை உறைய வைத்துப் பின்னர் கருப்பையில் செலுத்தினார். மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. வெளிநாடு சென்று தம் ஆய்வை விளக்கவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. மனமுடைந்த அவர் 1981-இல் தற்கொலை செய்துகொண்டார்.

மும்பையில் 1986 ஆகத்து 6 அன்று பிறந்த குழந்தையே பின்னர் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையாக அறிவிக்கப்பட்டது. மருத்துவர் இந்திரா இந்துஜாவும் அறிவியலாளர் டி.சி. ஆனந்த் குமாரும் அதன் பின்னணியில் இருந்தனர். முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்த ஆனந்த் குமார், முதல் வெற்றி அவருடையதே என 1997-இல் எழுதினார். தம் குழுவுக்குக் கிடைத்திருந்த பெருமையைத் தாமே விட்டுக்கொடுத்த நேர்மை அது.

சென்னையின் முதல் வெற்றி

பெண்கள் மருத்துவத்தில் சென்னைக்கு நீண்ட மரபு உண்டு. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரில் இயங்கும் மருத்துவமனை, மருத்துவர் மேரி ஷார்லீப்பின் முயற்சியால் 1885-இல் தோன்றியது.

இம்மரபின் தொடர்ச்சியாக, நுங்கம்பாக்கம் ஜி.ஜி. மருத்துவமனையில் மருத்துவர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் 1990-இல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. இவர் நடிகர் ஜெமினி கணேசனின் மகள். இதன்பின் நகரின் பல பகுதிகளில் தனியார் மையங்கள் பெருகின.

சிகிச்சை நடைபெறும் விதம்

'சோதனைக் குழாய்' என்பது வழக்கில் வந்த பெயரே. கருவாக்கம் உண்மையில் தட்டையான ஆய்வகக் கிண்ணத்தில் நடைபெறுகிறது. இதன் படிகள் வருமாறு:

- ஏறத்தாழ 10 முதல் 12 நாட்கள் தினமும் இயக்குநீர் ஊசி போடப்படும். முட்டைகளின் வளர்ச்சி ஸ்கேன் மூலம் கண்காணிக்கப்படும்.
- கடைசி ஊசி போட்டு ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டைகள் எடுக்கப்படும்.
- ஆய்வகத்தில் விந்தணுவுடன் சேர்த்துக் கரு உருவாக்கப்படும். விந்தணு மிகக் குறைவாயின், ஒரே விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை பயன்படும். இம்முறையில் கிடைத்த வெற்றி 1992-இல் பிரசெல்சிலிருந்து அறிவிக்கப்பட்டது.
- மூன்றாம் அல்லது ஐந்தாம் நாளில் கரு கருப்பையில் வைக்கப்படும். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து இரத்தப் பரிசோதனை செய்யப்படும்.

இந்த இரண்டு வாரக் காத்திருப்பே மிகக் கடினமானது எனச் சிகிச்சை பெற்ற பலர் கூறுவர். முதல் முயற்சியிலேயே வெற்றி கிட்டும் என்ற உறுதி இல்லை. பெண்ணின் வயது கூடக்கூட வாய்ப்பும் குறையும். தோல்வியுற்ற பெண் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குச் செல்கிறாள். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று உறவினர் கேட்கும் கேள்விக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டப் பாதுகாப்பு

நெடுங்காலம் இத்துறையை முறைப்படுத்தத் தனிச் சட்டம் இல்லை. ஈரோட்டைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமியிடம் கருமுட்டை எடுத்து விற்கப்பட்டது 2022-இல் வெளிவந்து தமிழகத்தை அதிரவைத்தது.

அவ்வாண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை) சட்டம், 2021-இன்படி மையங்கள் பதிவு பெற வேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணின் வயது 21 முதல் 50 வரையும், ஆணின் வயது 21 முதல் 55 வரையும் இருக்கலாம். 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண் வாழ்நாளில் ஒரே ஒருமுறை மட்டுமே கருமுட்டை தானம் செய்யலாம். பணத்திற்கான வாடகைத்தாய் முறையை மற்றொரு சட்டம் தடை செய்கிறது. கருவின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதும் குற்றமாகும்.

இன்றைய நிலை

தனியார் மையங்களில் ஒரு சுற்றுச் சிகிச்சைக்கே இலட்ச ரூபாய்க்கு மேல் செலவாகலாம். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் வருவோர் பலர். இந்நிலையில் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024-இல் செயற்கைக் கருத்தரிப்பு மையம் திறக்கப்பட்டது முக்கியமான திருப்பமாகும். ஏழைப் பெண்களின் பேறுகாலத்திற்கென நெடுங்காலம் பணியாற்றிய இடத்தில், கருத்தரிக்க இயலாதோருக்கும் இப்போது ஒரு கதவு திறந்துள்ளது.

மருத்துவம் இவ்வளவு தூரம் வந்த பின்னும், பிள்ளையில்லாதவளைச் சீமந்தத்தில் ஒதுக்கி நிறுத்தும் பழக்கம் முற்றிலும் மறையவில்லை. அதை மாற்ற ஊசியோ ஆய்வகமோ தேவையில்லை. வீட்டார் மனம் வைத்தால் போதும்.