பேட்ல கலர் வந்தா நல்லதா?

காருக்கு பாலிஷ் போடுறதுல என்ன பெரிய சரித்திரம் இருந்துடப் போகுதுன்னு தான் நானும் நினைச்சிட்டு இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில என் கார் பானெட் ஓரத்துல உள்ளங்கை அளவுக்கு பளபளப்பு காணாமப் போன பிறகு தான் புத்தி வந்தது.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டி. கருநீலம். நிழல்ல பாத்தா ராஜா, வெயில்ல பாத்தா உடம்பு முழுக்க சிலந்தி வலை மாதிரி மெல்லிசான கீறல். நாமளே பாலிஷ் போட்டுடலாமேன்னு தெரிஞ்ச பட்டறைல பஃபிங் மெஷினும் ஆட்டு ரோம பேடும் இரவல் வாங்கினேன். அங்க இருந்த பெரியவர் ஒரு யோசனையும் சேர்த்துக் கொடுத்தார். "பேட்ல கலர் வரணும் தம்பி. வந்தா தான் காம்பவுண்ட் பிடிக்குதுன்னு அர்த்தம்."

வந்துச்சு. வெள்ளை பேட் நீலமாச்சு. ஆஹா, வேலை நடக்குதுன்னு சந்தோஷமா இன்னும் ரெண்டு அழுத்து அழுத்தினேன். துடைச்சுப் பாத்தா நடுவுல மங்கலா ஒரு தீவு!

அதுக்கப்புறம் ஆபீஸ்ல ஆணி பிடுங்கின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதைப் பத்தி தான் படிச்சேன். பெரியவர் சொன்னது தப்பே இல்லை. வேற காலத்து பெயிண்டுக்கு அது ரொம்ப சரி.

கதை அமெரிக்காவுல ஆரம்பிக்குது. ஆரம்ப கால கார்களுக்கு குதிரை வண்டிக்கு அடிக்கிற மாதிரி வார்னிஷ் தான். கோட்டு மேல கோட்டு அடிச்சு, காய வெச்சு, தேச்சு முடிக்க வாரக் கணக்குல ஆகும். ஃபோர்டு மாடல் டி 1914-லேர்ந்து 1925 வரைக்கும் கருப்புல மட்டுமே வந்ததை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரே கலர், ஒரே முறைன்னா வேலையும் வேகம், செலவும் கம்மி.

இந்த இடத்துல டூபான்ட் உள்ள வருது. 1802-ல வெடிமருந்து தயாரிக்க ஆரம்பிச்ச கம்பெனி. பஞ்சை அமிலத்துல ஊற வெச்சா கிடைக்கிற நைட்ரோசெல்லுலோஸ் தான் துப்பாக்கி மருந்துக்கும் சினிமா ஃபிலிமுக்கும் மூலம். அதையே கரைச்சு ஸ்ப்ரே பண்ற பெயிண்டா மாத்தினாங்க. பேரு டூகோ. ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட ஓக்லாண்ட் கார்ல 1924 மாடலுக்கு இதை அடிச்சாங்க. கலர்? 'ட்ரூ ப்ளூ'. என் காரும் நீலம். என்ன பொருத்தம் பாருங்க! நம்ம ஊர் தச்சுப் பட்டறைகள்ல இன்னைக்கும் ஸ்ப்ரே பெயிண்டை 'டூகோ'ன்னு சொல்றாங்களே, அது இந்தப் பேரு தான்.

டூகோ சீக்கிரம் காயும். ஆனா காஞ்சதும் தானா பளபளக்காது. உப்புத்தாள் போட்டு, காம்பவுண்ட் போட்டு தேச்சா தான் மினுக்கும். அப்போ பாலிஷ்ங்கிறது பெயிண்ட் வேலையோட கடைசிக் கட்டம். வெயில்ல மங்கிப் போனாலும் மேல்தோலைத் தேச்சு எடுத்துட்டா கீழே புது நிறம். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே பெயிண்ட், அதனால பேட்ல கலர் வரத்தான் செய்யும். ஆட்டு ரோமத்துல ஒவ்வொரு நாரும் தனித்தனியா அறுக்கும். இந்த வேலைக்கு அதை விட்டா ஆள் கிடையாது. ஓக்லாண்டைத் தேச்சவங்க பேட் எல்லாம் நீலமாத்தான் இருந்திருக்கும்.

1980கள்ல நிலைமை தலைகீழ். கீழே மெல்லிசா நிறம், மேலே நிறமே இல்லாத கண்ணாடி மாதிரி 'கிளியர் கோட்'. அது பொதுவா 40-50 மைக்ரான் தான் இருக்கும், தலைமுடியை விட மெல்லிசு. கீறல் விழுறதும், நாம தேய்க்கிறதும் இதுல தான். இந்தப் பூச்சு இருக்கற கார்ல பேட்ல கலர் வந்தா பாலிஷ் பிடிக்குதுன்னு அர்த்தம் இல்லீங்க. கிளியர் கோட் போயே போச்சுன்னு அர்த்தம். போனா திரும்ப வராது, பெயிண்ட் தான் அடிக்கணும்.

ரோமம் இதுமேல சுழிசுழியா தடம் விட்டதால ஃபோம் பேட் பரவலாச்சு. பாலியூரித்தேனை ஜெர்மனியில ஓட்டோ பேயர் குழு 1937-லயே கண்டுபிடிச்சாச்சு. மெத்தை, சோஃபான்னு சுத்தி கடைசியா கார் மேலயும் ஏறிடுச்சு. நுரையோட கெட்டித்தனத்தை மாத்தினா அறுக்குற வேகமும் மாறும். மெஷினும் மாறிச்சு. பழைய ரோட்டரி ஒரே அச்சுல சுத்தும், ஒரே இடத்துல நின்னா பெயிண்டைச் சுட்டுடும். டூயல் ஆக்‌ஷன் சுத்திக்கிட்டே ஆடும். ரொம்ப அழுத்தினா சுத்துறதை நிறுத்திடும். என்னை மாதிரி ஆளுங்களுக்காகவே செஞ்சது.

சரி, முதல் தடவை பாலிஷ் போடுறவங்க என்ன பேட் வாங்கணும்? நான் பட்டுத் தெரிஞ்சது:

1. கலரை வெச்சு வாங்காதீங்க. லேக் கன்ட்ரியோட வழக்கமான வரிசையில மஞ்சள் முரடு. மெகுவையர்ஸ்ல மஞ்சள் நடுத்தரம். ரூப்ஸ்ல மஞ்சள் மென்மை, நீலம் தான் முரடு. பாக்கெட்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க.

2. நடுத்தர ஃபோம் ரெண்டு மூணு, மென்மையானது ஒண்ணு ரெண்டு. ஆரம்பத்துக்கு இது போதும். பேட்ல அழுக்கு ஏறினா அறுக்காது, அதனால ஒண்ணே ஒண்ணு வாங்கி முழு காரையும் முடிக்கப் பாக்காதீங்க.

3. முதல்ல ஒரு அடிக்கு ஒரு அடி இடத்துல மென்மையான பேட். கீறல் போகலைன்னா மட்டும் அடுத்த படி. முரட்டு பேட்ல தொடங்கினா திரும்பி வர வழி இல்லை.

4. ஓரங்கள்லயும் மடிப்புகள்லயும் பூச்சு இன்னும் மெல்லிசா இருக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. நான் ஒட்டலை.

பழைய கார்கள்ல, முக்கியமா வெள்ளை மாதிரி சாதா நிறங்கள்ல, கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சும் உண்டு. அங்க பெரியவர் விதி செல்லும். மறைவான இடத்துல வெள்ளைத் துணியில கொஞ்சம் பாலிஷ் தொட்டு கையால தேச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். கலர் வந்தா ஒற்றைப் பூச்சு. வரலைன்னா மேல கிளியர் கோட் இருக்குன்னு எடுத்துக்கலாம்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனப்போ பெரியவர் கேட்டார், "கலர் வந்துச்சா தம்பி?"

"வந்துச்சுங்க"ன்னேன். அவர் பக்கத்துல ஒரு பழைய வெள்ளை அம்பாசடர் பாதி பாலிஷ்ல நின்னுட்டு இருந்தது. அவர் கை பட்ட பாதி கண்ணாடி மாதிரி மின்னுச்சு.