ஓ-ரிங்: பிரேக்குக்காகப் பிறந்த வளையம்

பல வருஷமா ஷெட்டில் நின்ற அப்பாவோட பழைய புல்லட்டை போன மாசம் ஸ்டார்ட் பண்ணினோம். ஐடிலிங்கே நிற்கவில்லை. ஏறுது, இறங்குது, அணைஞ்சிடுது. ட்யூனிங் தப்புன்னு நினைச்சு ஸ்க்ரூவைத் திருகித் திருகிப் பார்த்தேன். கடைசியில் மெக்கானிக் அண்ணன் வந்து கார்புரேட்டரைக் கழற்றினார். அது எஞ்சினோடு சேரும் இடத்தில் இருந்த ஓ-ரிங் தட்டையாகி, பிளாஸ்டிக் மாதிரி இறுகிக் கிடந்தது. "இது வழியாத்தான் காத்து இழுக்குது தம்பி" என்றார். சில ரூபாய் வளையம். மாற்றியதும் வண்டி பழைய தாளத்துக்கு வந்துவிட்டது.

இதை யார் யோசிச்சிருப்பாங்கன்னு தேடியபோது கிடைத்த கதை இது.

நீல்ஸ் கிறிஸ்டென்சன் டென்மார்க்கில் பிறந்து 1891-ல் அமெரிக்கா போனவர். டிராம் வண்டிகளுக்குக் காற்று பிரேக் செய்தவர். 1933-ல் ஹைட்ராலிக் பிரேக்கின் பிஸ்டனில் உருண்டையான ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டு, காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1937-ல் அந்த வளையத்துக்கென்றே மறுபடி விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 72.

சூட்சுமம் வளையம் உட்காரும் பள்ளத்தில்தான் இருக்கு. பள்ளத்தின் ஆழம் வளையத்தின் தடிமனைவிடக் குறைவு. அதனால் வளையம் எப்பவும் கொஞ்சம் நசுங்கியே இருக்கும். அகலம் கொஞ்சம் அதிகம். எண்ணெய் அழுத்தம் வந்ததும் வளையம் ஓரமாகத் தள்ளப்பட்டு இடைவெளியை அடைக்கும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு அந்தக் காப்புரிமையைக் கையகப்படுத்தி, மற்ற நிறுவனங்களும் வளையம் செய்ய அனுமதித்தது. கிறிஸ்டென்சனுக்குக் கிடைத்தது 75,000 டாலர். 1952-ல் இறந்துபோனார். வழக்குக்குப் பிறகு இன்னொரு 1,00,000 டாலர் 1971-ல் வாரிசுகளுக்கு வந்தது. அதைப் பார்க்க அவர்தான் இல்லை.

பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். பெரும்பாலான ஓ-ரிங் பார்க்க ஒரே கறுப்புதான். ஆனால் பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் படும் இடத்துக்கு நைட்ரைல். வழக்கமான டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலுக்கு ஈ.பி.டி.எம். மாற்றிப் போட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். கார்புரேட்டரில் கெட்டால் வண்டி அணைஞ்சு போகும், அவ்வளவுதான். பிரேக்கில் கெட்டால் வண்டி நிற்காது. அளவை மட்டும் பார்த்து வாங்காதீங்க.