காற்றுக்கு ஆள் தேடிய கருவி

மாலையில் எங்கள் வீட்டு வாசலைக் கடந்து போகிறவர்கள், நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தமே வராத கீபோர்டை வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். "என்ன சார் இது?" என்று கேட்டவர்களும் உண்டு. அது பைப் ஆர்கன். வீட்டுக்குள் இப்படி வந்து சேர அதற்கு 2,200 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நகரில் வாழ்ந்த க்டெசிபியஸ் என்ற கிரேக்கர்தான் முதல் ஆர்கனைச் செய்தவர். பம்பால் காற்றை அடைத்து, தண்ணீரின் எடையால் அதன் அழுத்தத்தைச் சீராக வைத்தார். கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழாய் ஒலிக்கும். நம் ஆர்மோனியத்திலும் துருத்தி உண்டு. ஆனால் அதில் அதிர்வது சிறிய உலோக நாக்கு. ஆர்கனில் பெரும்பாலான குழாய்கள் விசில் போல ஒலிப்பவை. ஒவ்வொரு தொனிக்கும் தனிக் குழாய் வரிசை வேண்டும். அதனால்தான் பெரிய ஆர்கன்களில் ஆயிரக்கணக்கில் குழாய்கள்.

கி.பி. 757-இல் பைசாண்டியப் பேரரசர் ஓர் ஆர்கனை பிராங்கு மன்னர் பெப்பினுக்குப் பரிசாக அனுப்பினார். பிற்பாடு ஐரோப்பியத் தேவாலயங்களில் அது நிலைபெற்றது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வாசிப்பவர் தனியாக உட்கார்ந்து பழக முடியாது. அவர் வாசிக்கும் நேரம் முழுக்கத் துருத்தியை வேறு ஆட்கள் மிதித்தாக வேண்டும். அவர்களுக்குக் கூலி தர வேண்டும். மின்சார ஊதி வரும்வரை இதுதான் நிலைமை. கையில் காசில்லாத மாணவன் எத்தனை மணி நேரம் பழகியிருக்க முடியும்?

அதற்கு 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஒரு வழி இருந்தது. கால்கட்டைகள் பொருத்திய கிளாவிகார்டு என்ற தந்திக் கருவியை வீட்டில் வைத்துப் பழகினார்கள். அதன் ஒலி மிக மெல்லியது. பக்கத்து அறைக்குக்கூடச் சரியாகக் கேட்காது. என் ஹெட்போனுக்கு அதுதான் முன்னோடி!

1935-இல் ஹேமண்ட் மின் ஆர்கன் விற்பனைக்கு வந்தது. 1983-இல் மிடி என்ற பொது இணைப்பு முறை வந்ததும், எந்த நிறுவனத்தின் கீபோர்டும் கணினியோடு பேச முடிந்தது. இன்று கிராண்ட்ஆர்க் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தேவாலயத்தில் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். கட்டையை அழுத்தினால் அந்தக் குழாயின் பதிவு ஒலிக்கிறது. விரலை எடுத்தால் மண்டபத்தின் எதிரொலியும் கேட்கிறது.

வங்கியில் இருந்தவனுக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? சிடி தரத்தில் ஒரு வினாடி ஸ்டீரியோ ஒலி 1,76,400 பைட். குழாய்க்கு 5 வினாடி, வரிசைக்கு 61 குழாய் என்றால் ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 54 எம்பி. பத்து வரிசைக்கு 540 எம்பி. என் பழைய கணினியின் நினைவகம் 4 ஜிபிதான். இந்தக் கணக்கைப் போடாமல் முதல் நாளே 40 வரிசை ஆர்கனை ஏற்றினேன். கணினி அப்படியே நின்றுவிட்டது. இப்போது பத்து வரிசைச் சிறிய ஆர்கன்தான். ஸ்டீரியோவுக்குப் பதில் மோனோவாக ஏற்றினால் இடம் பாதியாகக் குறையும். கட்டையை அழுத்திச் சற்றுத் தாமதித்து ஒலி வந்தால், ஏசியோ வகை டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கால்கட்டைகள் இல்லை. 16 அடிக் குழாய் ஒலிக்கும்போது நெஞ்சுக்குள் உணரும் அதிர்வு ஹெட்போனில் கிடைக்காது. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு, கீழ் வீட்டுக் குழந்தை தூங்கும்போது, ஒரே வரியை இருபது முறை தப்பாக வாசித்துத் திருத்திக்கொள்ளலாம். யாரும் துருத்தி மிதிக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பிள்ளைகள் வாசித்துவிட்டுப் போட்ட கீபோர்டு இருந்தால் இறக்கித் துடையுங்கள். பின்பக்கம் யுஎஸ்பி இணைப்போ மிடி இணைப்போ இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு நான் வருகிறேன்.